மின்மினிபோல் மின்னும் மூலக்கூறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சுமார் 200 நனோமீற்றருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு பொருள்களை ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டாது; 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே சொன்ன இந்த எல்லையோடு எங்கள் வகுப்பும் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டியதற்குத்தான் பெற்சிக், ஹெல், மோர்னர் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2014இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு முறையில், ஒளிரும் புரதங்களில் ஒருசிலவற்றை மட்டும் ஒரே நேரத்தில் மின்ன விடுகிறார்கள். விலகி மின்னுவதால் ஒவ்வொன்றின் மையத்தையும் துல்லியமாகக் குறிக்கலாம். அப்புறம் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தால் முழு உருவமும் வந்துவிடும். குளக்கட்டு மருதமரத்தில் மின்மினிகள் மாறிமாறி மின்னி மரத்தின் வடிவத்தைக் காட்டுவதுபோல என்றேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உயிருள்ள கலத்துக்குள் தனி ஒரு புரதம் ஓடுவதையும் நிற்பதையும் இன்று பார்க்கலாம் என்றதும், மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

எங்கள் நுணுக்குக்காட்டிகளின் வில்லைகளில் பூஞ்சணம் படிந்திருக்கிறது. சரி, அதை வேறிடத்தில் கேட்கிறோம். உங்களிடம் கேட்பது வாரம் அரைப் பக்கம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்திலும் இருக்கும் விரிவுரையாளர்களைக் கேட்டு, இப்படியான ஆய்வுகளைத் தமிழில் எழுதுவியுங்கள்.

உயிரியல் ஆசிரியர்,
கிளிநொச்சி