கொட்டலசும் குருவியும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காய்ச்சலில் படுத்துவிட்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டேன், கவலைப்படாதே. பரிணாமம் வெறும் கோட்பாடுதானே, அதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். புவியீர்ப்பும் கோட்பாடுதான் என்று நான் சொல்வதும் நீ சிரிப்பதும் நமக்குள் பழைய கதை. எனவே அதை விட்டுவிட்டு, பரிணாமக் கோட்பாடு பிறந்த விதத்தைச் சொல்கிறேன்.

பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் கால் வைத்ததுமே டார்வினுக்கு உண்மை விளங்கிவிட்டது என்பார்கள். அது சரியன்று. 1835-இல் அங்கே பிடித்த குருவிகளில் எது எந்தத் தீவைச் சேர்ந்தது என்பதைக்கூட அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. அலகில் இத்தனை மாறுபட்டிருந்தும் அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று 1837-இல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டு மால்தஸ் என்ற பொருளியல் அறிஞரின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோதுதான், பிறப்பவை அனைத்தும் பிழைப்பதில்லை என்றால் பிழைப்பவை எவை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

1844-இலேயே விரிவான கட்டுரை ஒன்றை எழுதி, தான் இறந்தால் வெளியிடும்படி மனைவிக்குக் குறிப்பும் எழுதி வைத்த மனிதர், அதன் பிறகு என்ன செய்தார் தெரியுமா? பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசுகளை எட்டு ஆண்டுகள் அறுத்து ஆராய்ந்தார். நம் இளமையில் இதை வீண் தாமதம் என்று நான் கேலி செய்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரே இனத்துக்குள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாததால் வகைப்படுத்த முடியாமல் அவர் சலித்துப்போனார். ஆனால் தம் கோட்பாட்டுக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான் என்பதையும் கண்டுகொண்டார். அதுவரை ஒவ்வோர் இனத்துக்கும் மாறாத ஓர் உண்மை வடிவம் உண்டு, விலகல்களெல்லாம் குறைகள் என்று எண்ணியிருந்த உலகில், அந்த விலகல்தான் மூலப்பொருள் என்று சொன்னது சாதாரணத் துணிச்சல் அன்று.

1858-இல் டெர்னாட்டே தீவிலிருந்து வாலஸ் என்ற இயற்கையியலாளர் அனுப்பிய கட்டுரை அதே கருத்தைச் சொன்னது: சூழலுக்குப் பொருந்தும் வேறுபாடு உடையவையே அதிகம் பிழைத்துப் பெருகுகின்றன, அப்படியே தலைமுறை தலைமுறையாக இனம் மாறுகிறது. இதைத்தான் டார்வின் இயற்கைத் தேர்வு என்றார். ஜூலை 1-ஆம் நாள் இருவரின் எழுத்துகளும் லண்டனின் லின்னேயன் அறிவியல் சங்கத்தில் படிக்கப்பட்டபோது இருவருமே அங்கில்லை: வாலஸ் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்தார், டார்வினோ சில நாள்களுக்கு முன் கைக்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் வெளிவந்தது.

அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளில் கலந்துவிடுமானால், புதிய நல்ல பண்பு குளத்தில் விட்ட ஒரு சொட்டு மையைப்போலச் சில தலைமுறைகளில் கரைந்து போகாதா? டார்வினிடம் சரியான பதில் இல்லை. மெண்டல் என்ற துறவி 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வில் பதில் இருந்தது: பண்புகளைத் தரும் கூறுகள் கலந்து கரைவதில்லை, தனித்தனியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஆனால் 1900 வரை அதை எவரும் உரிய வகையில் பொருட்படுத்தவில்லை.

அந்தக் குருவிகளுக்கே திரும்புகிறேன். 1977-இல் கலாபகோஸின் டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவில் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க வல்ல தடித்த அலகுடைய குருவிகள் அதிக அளவில் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் சராசரியாகத் தடித்த அலகுடன் வளர்ந்தன. அங்கே தங்கிக் குருவிகளை அளந்து வந்த பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் பதிவு செய்த மாற்றம் மில்லிமீட்டரின் ஒரு பகுதிதான். சில ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தபோது, தேர்வின் திசையும் மாறிவிட்டது.

நீ கேட்ட "இன்றைக்கு இதனால் என்ன?" என்பதற்கு என் மேசைமேல் கிடக்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டே, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்த சோதனை அறிக்கையே, பதில். என் சிறுநீரில் வளர்ந்த கிருமியின் எதிரே மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கேட்கும் மருந்துக்கு நேரே "எஸ்", கேட்காததற்கு நேரே "ஆர்". முதலில் நான் விழுங்கிய மருந்துக்கு நேரே "ஆர்" என்றுதான் இருந்தது. எங்கோ, எவர் உடலிலோ, அம்மருந்துக்குச் சாகாத சில கிருமிகள் தப்பிப் பெருகியதன் வழித்தோன்றல்கள் இவை. மருந்தை மாற்றியதும் காய்ச்சல் இறங்கியது.

அடுத்து, கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாகத் தோன்றும் என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா! அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். முதலில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்