பால் பத்தலை என்று சொல்லாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போன் பண்ணி, "அம்மா, அவளுக்குப் பால் பத்தலை போல இருக்கு, பசும்பால்ல தண்ணி கலந்து ஊத்தலாமான்னு அத்தை கேக்கறாங்க" என்று சொன்னபோது, பின்னால் பாப்பா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் "வேண்டாம், கொடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டால் நாளைக்கு ராத்திரி மறுபடி அழும்போது நீ என்ன செய்வாய்? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மணிக்கொரு தரம் சொட்டு மருந்து போட வேண்டியிருக்கிறது. இன்னும் மூன்று வாரத்துக்கு என்னால் புனே வர முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படி, அவளுக்கும் படித்துக் காட்டு. அத்தையிடம் பக்குவமாகச் சொல். அவர்களும் பேத்தி மேல் உள்ள ஆசையில்தான் சொல்கிறார்கள். மகள் பிரசவத்துக்காக வீட்டைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறவர்கள் மனம் நோகக் கூடாது.

இருபத்தெட்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். எத்தனை வீட்டுத் திண்ணையில் இந்தப் 'பால் பத்தலை'யைக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. தொங்கு தராசை உத்தரத்தில் மாட்டிப் பிள்ளையை அதில் போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் எடை நன்றாகத்தான் ஏறியிருக்கும். பிள்ளை அழுகிறது, மார்பு முன்னைப் போலக் கனக்கவில்லை, சாயங்காலம் விடாமல் சப்புகிறது, இதை வைத்தே வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அழுகைக்கு நூறு காரணம் இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் மார்பு இளகுவதும் இயல்புதான், உடம்பு பிள்ளையின் தேவைக்குத் தக்கபடி பழகிக்கொள்கிறது. சாயங்காலத்தில் அடிக்கடி கேட்பதும், இரண்டு மூன்று வாரத்தில் திடீரென்று பசி கூடுவதும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

நீயே சொன்ன எடையைப் பார். பிறந்தபோது 2 கிலோ 900. நாலாம் நாள் 2 கிலோ 700. நேற்று, பன்னிரண்டாம் நாள், 2 கிலோ 880. முதல் சில நாளில் எடை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவதும் வழக்கம். பாப்பா திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். இனி ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். அப்புறம் மூத்திரத்தை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைந்தால் பால் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வார்களே, பால் விஷயத்தில் அது அப்படியே உண்மை. பிள்ளை சப்பச் சப்பத்தான் அடுத்த வேளைக்குச் சுரக்கும். அதிலும் ராத்திரி கொடுப்பதை நிறுத்தவே கூடாது. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். இப்போது நீ ஒரு பாலாடை பசும்பால் ஊற்றுகிறாய் என்று வை. அது வயிற்றில் கெட்டியாகத் திரண்டு, செரிக்க நேரம் பிடிக்கும். பிள்ளை நாலு மணி நேரம் தூங்கும். "பார்த்தியா, வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது" என்பார்கள். அந்த நாலு மணி நேரம் தாய் மார்பைத் தொட ஆள் இல்லை. உடம்பு, தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். மறுநாள் இரண்டு பாலாடை, அதற்கடுத்த வாரம் நாலு. மாசம் முடிவதற்குள் பால் நிஜமாகவே பத்தாமல் போய்விடும். அத்தை அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றும்.

இது எனக்கே நடந்தது. உன்னிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

1992ல் நீ பிறந்தபோது நான் நர்ஸ் இல்லை, ஒன்றும் தெரியாத இருபத்திரண்டு வயசுப் பெண். பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் உன்னை என் பக்கத்தில் கிடத்தவே மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை உனக்குச் சர்க்கரைத் தண்ணிதான். வீட்டுக்கு வந்ததும் மஞ்சளாகச் சுரந்த சீம்பால் பிள்ளைக்கு ஆகாது என்று பீச்சிக் கீழே விடச் சொன்னார்கள். நானும் விட்டேன். அதே வீட்டில் மாடு ஈன்றால், கன்று சீம்பால் குடித்ததா என்று தாத்தா லாந்தரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். குடிக்காத கன்று தேறாது என்று அவருக்குத் தெரியும். கன்று குடித்த மிச்சத்தை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்பார்கள். கன்றுக்குத் தெரிந்த நியாயம் பிள்ளைக்கு ஏன் தெரியாமல் போனது என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பிறந்த பிள்ளையின் வயிறு ரொம்பச் சின்னது. ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் சீம்பாலே அதற்கு நிறைய. நோயை எதிர்க்கிற பொருள்கள் அதில் அவ்வளவு செறிந்து கிடக்கின்றன. பாப்பாவுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னபோது நான் அழுதது அதற்காகத்தான்.

உனக்கு மூன்றாவது வாரத்திலேயே பசும்பால் ஆரம்பித்தாயிற்று. மூன்று மாசத்தில் எனக்குப் பால் நின்றுபோனது. ஐந்தாம் மாசம் வயிற்றுப்போக்கு. கையில் நரம்பு கிடைக்காமல் உன் தலைமுடியை ஒரு பக்கம் மழித்து அங்கே ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். நாலு நாள். அந்த இடத்தில் முடி முளைக்கிற வரை நான் உன் தலையைத் தடவவே பயந்தேன். பதினோரு மாசத்தில் நீ திண்ணைச் சுவரை நக்க ஆரம்பித்தாய். சுண்ணாம்பு உதிர்ந்து மண் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நக்குவாய். சேட்டை என்று அடித்திருக்கிறேன். ஒரு டாக்டர் உன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தசோகை. தாய்ப்பாலில் இரும்புச்சத்து கொஞ்சம்தான், ஆனால் அதில் ஏறக்குறைய பாதியைப் பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். பசும்பாலில் இருப்பதிலோ பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் பெரிது. போதாக்குறைக்கு, ஒரு வயசுக்குள் பசும்பால் குடிக்கிற சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது நர்ஸ் பயிற்சிக்குப் போன பிறகு. அன்றைக்கு வகுப்பில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை.

"அந்தக் காலத்துல பசும்பால் குடிச்சு வளரலையா" என்று கேட்பார்கள். நீயே வளர்ந்து நிற்கிறாய், உண்மைதான். வளராமல் போன பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன் தம்பி. வயிற்றுப்போக்கு, நிமோனியா. அந்தப் பிள்ளைகள் வந்து பதில் சொல்ல முடியாது.

பசும்பால் கெட்டது இல்லை. அது கன்றுக்கான பால். கன்று பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கணும், இரண்டு மாசத்துக்குள் எடை இரட்டிப்பாகணும். மனிதப் பிள்ளைக்கு அதற்கு நாலைந்து மாசம் ஆகும், அதற்குள் வளர வேண்டியது மூளை. அதனால் பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல் புரதம், தாய்ப்பாலில் சுமார் 1 கிராம். பசும்பாலில் உப்பும் தாது உப்புகளும் மூன்று மடங்கு. அவ்வளவையும் வடிகட்டி வெளியேற்றப் பன்னிரண்டு நாள் சிறுநீரகத்துக்குத் திராணி ஏது? தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள். புரதம் நீர்க்கும்போது கொழுப்பும் சேர்ந்து நீர்த்துப்போகும், தண்ணீரோடு கிருமியும் உள்ளே போகும். பக்கத்துத் தபேலாவில், அந்த மாட்டுத் தொழுவத்தில், கண் முன்னால் கறந்து தருகிறார்கள் என்று சொன்னாயே, கண் முன்னால் கறந்தாலும் அது கன்றின் பால்தான்.

தாய்ப்பாலில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமான ஒன்று உண்டு. அதில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, பிள்ளையால் அதைச் செரிக்கவே முடியாது. பிள்ளையின் குடலில் குடியேறுகிற நல்ல நுண்ணுயிர்களுக்கு அது இரை. அவை பெருகிக் கெட்ட கிருமிக்கு இடம் விடாமல் காக்கின்றன. அதே மாதிரி, மருமகளுக்குச் சளி பிடித்தால் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. அந்தச் சளிக்கு எதிராக அவள் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் பாப்பாவுக்கும் போகும்.

சரி, இனி நீ செய்ய வேண்டியது. அவளுக்குக் காம்பு வெடித்து வலிக்கிறது என்றாயே, பாப்பா காம்பை மட்டும் கவ்வுகிறாள் என்று நினைக்கிறேன். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலத் திறந்த பிறகுதான் மார்போடு சேர்க்கணும். கருவட்டத்தின் கீழ்ப் பாகம் முழுக்க வாய்க்குள் போகணும். முகவாய் மார்பைத் தொட்டுக்கொண்டு, கீழ் உதடு வெளியே மடங்கியிருக்கணும். கன்னம் குழி விழக் கூடாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேள். இரண்டு மூன்று சப்பலுக்கு ஒரு தடவை 'க்' என்று விழுங்குகிற சத்தம் மெல்லக் கேட்கும். அது கேட்டால் நிம்மதியாக இரு. வெடிப்பில் கடைசியாக வருகிற பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காய விடட்டும். சரியாகக் கவ்வியும் வலி குறையவில்லை என்றால் பிரசவம் பார்த்த இடத்திலேயே பாலூட்டும் ஆலோசகர் இருப்பார், கூட்டிக்கொண்டு போ. மார்பில் சிவந்து கட்டிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ராத்திரி பாப்பா அழுதால் நீ எழுந்து தூக்கிக்கொடு. குடித்ததும் தோளில் போட்டுத் தட்டுவதும் துணி மாற்றுவதும் உன் வேலை. அவள் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் பக்கத்தில் வை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் அத்தை செய்து கொடுக்கட்டும், வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாலே பிள்ளை பெற்றவளுக்குப் பாதி பலம். பாப்பாவுக்கு ஆறு மாசம் வரை தேன், சர்க்கரைத் தண்ணி, கிரைப் வாட்டர், உரைமருந்து, பச்சைத் தண்ணி எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயசு வரை ஆகவே ஆகாது. தாய்ப்பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான், வெயில் காலத்துக்கும் அது போதும். டாக்டர் எழுதிய வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. ஆறு மாசத்துக்குப் பிறகு பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சோறு, கூடவே தாய்ப்பால் இரண்டு வயசு வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு வயசானதும் பசும்பாலை டம்ளரில் ஊற்றிக் கொடு, நானே காய்ச்சித் தருகிறேன்.

இன்னொன்றும் மனசில் வை. ஒரு சிலருக்கு உண்மையாகவே பால் குறைவாகத்தான் இருக்கும். சில மருந்து எடுக்கிறவர்கள் கொடுக்கவும் கூடாது. எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னால் அவர் சொல்கிற அளவில், சொல்கிற முறையில் பால் பவுடர் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அவளை அதற்காக ஒரு வார்த்தை குறைத்துப் பேச யாரையும் விடாதே. அப்போதும் பசும்பால் வேண்டாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவராதே. தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும் என்று 1992ல், நீ பிறந்த வருஷத்திலேயே, நம் நாட்டில் சட்டம் போட்டார்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி அவள் இப்போதே கவலைப்படுகிறாளாம். சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு 2017லிருந்து சட்டத்தில் இருக்கிறது. திரும்பிய பிறகும் பிள்ளைக்கு 15 மாசம் ஆகிற வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை கேட்கலாம். பீச்சி எடுத்த பாலை வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். அடுப்பில் வைத்துச் சூடாக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எடுத்தால் போதும். உன் தங்கச்சிக்கு அந்த வசதி எதுவும் இல்லை. துணை சுகாதார நிலையத்துக்கே தூக்கிக்கொண்டு போய்த் தடுப்பூசி போடுகிற நடுவில் கொடுத்தேன். இரண்டு வயசு வரை குடித்தாள்.

உனக்குப் பசும்பால் ஊற்றிய வெள்ளிப் பாலாடையை நேற்று புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்தேன். மருமகள் ஆபீஸ் போகிற நாளில் அவள் பீச்சி வைத்த பாலை நான் அதில் கொடுக்கிறேன்.

அப்பாவுக்கு மருந்து போடுகிற நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எடை போட்டதும் வேறு எதுவும் எழுத வேண்டாம், அந்த எண்ணை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா