நீதிபதி அம்மாவின் பாராட்டு விழாவுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்

அனைவருக்கும் அன்பு வணக்கம்.

போன சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் நீதிமன்றங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் நீதிபதி அம்மாவுக்கு எடுத்த பாராட்டு விழா மனநிறைவாக நடந்து முடிந்தது. நன்றியுரைக்கு எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதிப் பேரைக்கூடச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். "எழுதுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம்" என்று அம்மா கேட்டுக்கொண்டார். உதவியவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். சரி, பெயர் போடாவிட்டாலும் யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, நீதிமன்றத்தில் அம்மாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த பெரியவர், உடம்புக்கு முடியாத நிலையிலும் சக்கர நாற்காலியில் வந்து பேசினார். ஹேவ்லாக் சதுக்கத்தில் 1975ல் திறந்த எண்கோண நீதிமன்றக் கட்டடத்தில் இருவரும் ஒரே அறையில் இருந்த காலத்தை அவர் சொல்லச் சொல்ல மண்டபமே அமைதியாகிவிட்டது. ஒலிப்பதிவு வருவதற்கு முன் சாட்சி சொல்வதை நீதிபதியே கையால் எழுதிக்கொள்ள வேண்டும். சாட்சி தமிழில் பேசுவார், இவர் ஆங்கிலத்தில் சொல்வார், அம்மா எழுதுவார். பேனா நிற்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். பயந்துபோய் நிற்கும் சாட்சிக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் மூச்சு வரும். அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்ட பிறகுதான் வழக்குரைஞரை அடுத்த கேள்விக்குப் போக விடுவாராம். பெரியவர் கேட்டுக்கொண்டதால் அம்மா வலது கையை நீட்டினார். நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பேனா அழுத்திய காய்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

வழக்கைக் கூப்பிடும் பணியில் இருந்த மலாய் அண்ணன், கோப்புகளைப் பார்த்துக்கொண்ட சீன அக்கா இருவரும் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் தமிழில்தான் என்று தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு எங்கள் தனி வணக்கம்.

நம் தமிழர்களில் ஏ.பி. ராஜா, பஞ்ச் குமாரசாமி இருவரும் நாடாளுமன்ற நாயகர்களாக (சபாநாயகர்களாக) இருந்து பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதிகளானவர்கள். அவர்களை வரலாறு பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் இந்த நாட்டின் வழக்குகளில் 10ல் 9க்கும் மேல், உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள அரசு நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. 2014 வரை சார்நிலை நீதிமன்றங்கள் என்று அழைக்கப்பட்டவை அவை. சாதாரண மனிதர் வாழ்நாளில் நீதிபதி ஒருவரை நேருக்கு நேர் பார்க்கிறார் என்றால் அது பெரும்பாலும் அங்கேதான். அம்மா 30 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த இடம் அது. இப்படிப்பட்டவர்களுக்கு நாம் விழா எடுப்பது மிகக் குறைவு என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சட்ட உதவிப் பிரிவில் தொடங்கி, சிறு கோரிக்கை நடுவர் மன்றம், குற்றவியல் வழக்குகள், குடும்ப நீதிமன்றம் என்று அவர் போகாத இடமில்லை. இதில் சிறு கோரிக்கை மன்றத்தைப் பற்றி அவரே கொஞ்சம் விரிவாகப் பேசினார். 1985ல் வந்த அந்த மன்றத்தில் யாருக்காகவும் வழக்குரைஞர் வாதாட முடியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டு வேலையைப் பாதியில் விட்டுப்போன ஒப்பந்தக்காரரும், பணம் கொடுத்து ஏமாந்தவரும் தங்கள் வாயாலேயே பேச வேண்டும். இப்போது 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளிவரை அங்கே கோரலாம். "பேசத் தெரிந்தவர் ஜெயித்துவிடக் கூடாது, அதுதான் அங்கே எனக்குப் பெரிய கவலை" என்றார் அம்மா. தனிப்பட்ட வழக்கு எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் சிரித்தபடியே மறுத்துவிட்டார்.

அப்புறம், அழைப்பிதழே இல்லாமல் வந்த ஒரு பாட்டி. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். கணவர் கைவிட்ட பிறகு, இரண்டு பிள்ளைகளோடு ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனவர். நம் நாட்டில் மனைவி மக்களுக்கு அந்த உரிமையைத் தருவது 1961ல் நிறைவேறிய மாதர் சாசனம் என்ற சட்டம். பணம் தராமல் இழுத்தடிப்பவரின் சம்பளத்திலேயே பிடித்துத் தரச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பாட்டியின் வழக்கிலும் அப்படித்தான் உத்தரவானது. மைலோ டின் நிறைய முறுக்கோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு அவரை நினைவில்லை, அதை மறைக்காமல் சொல்லியும்விட்டார். "எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க, எனக்கு ஞாபகம் இருக்குல்ல, போதும்" என்றார் பாட்டி. பதவியில் இருந்த காலம்வரை வழக்கோடு வந்த எவரிடமும் ஒரு பூங்கொத்துகூட வாங்காதவர், அந்த டின்னை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பாட்டி, நீங்கள் வந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அம்மாவின் கணவருக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். பகலில் விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்காக மாலை 6 மணிக்கு மேல் நடக்கும் இரவு நீதிமன்றத்தில் அம்மா அமர்ந்த நாள்களில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, தூங்க வைத்தது அவர்தான். மேடைக்கு வர மறுத்துவிட்டார். அன்றைக்கும் சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடுதான் நின்றார்.

மாலைகளுக்குக் காசு வாங்க மறுத்த தேக்கா பூக்கடை அக்கா, முதியவர்களை வீட்டுக்கு வீடு போய் ஏற்றிவந்த டாக்சி ஓட்டுநர் தம்பிகள், பழைய படங்களைத் தேடித் துடைத்து ஒட்டிய சட்டக் கல்லூரி மாணவர்கள், இரவு 11 மணிக்கு நாற்காலிகளை அடுக்கி மண்டபத்தைக் கூட்டிக் கொடுத்த வங்காளதேச நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. சமையல் அண்ணனின் பால் பாயசத்தைப் பற்றி இன்னும் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை. அண்டை வீட்டுத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் சமூக சமரச நிலையத்தில் தொண்டூழியராக இருக்கிறார். விழாவுக்கு மறுநாள் காலையிலேயே அங்கே ஒரு பேச்சுவார்த்தை இருந்ததால்தான் இரவு சீக்கிரம் கிளம்பினார். சொல்லிக்கொள்ள முடியாமல் போனவர்கள் தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

செலவு போக மிஞ்சிய பணத்தை, அம்மாவின் விருப்பப்படி, வழக்குரைஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி செய்யும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம். ரசீதும் கணக்கும் குழுவிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படங்கள் வேண்டுவோர் குழுவினரில் யாரிடம் கேட்டாலும் அனுப்பிவைப்பார்கள்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர் சார்பில் செயலாளர்
சிங்கப்பூர்