கை வைப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்: புது ஸ்போர்ட்ஸ் காரின் பயணச் சேதம் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் தயாரிப்பு நிறுவனத்தாருக்கும், கார்களை ஏற்றிச் செல்லும் போக்குவரத்து நிறுவனத்தாருக்கும், ஷோரூம் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

புது ஸ்போர்ட்ஸ் கார் புக் செய்தவர் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நிறம், சீட்டின் தையல், சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் காலிப்பரின் வண்ணம் என்று ஒவ்வொன்றையும் அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி அவர் கைக்கு வருவதற்குள் வழியில் ஒரு உரசலோ, கீறலோ, சின்ன டென்ட்டோ (நசுங்கலோ) விழுந்துவிடுவது உண்டு. அப்படி விழுந்தால், அதில் கை வைப்பதற்கு முன்னால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

வழியில் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. டிரெய்லரின் சரிவுப் பலகையில் ஏற்றும்போது பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிளிட்டர் என்ற தட்டையான பாகத்தின் அடிவிளிம்பு தட்டும். இறுக்கிக் கட்டிய ஸ்ட்ராப் அலாய் வீலின் ஓரத்தைத் தேய்க்கும். திறந்த டிரெய்லரில் வந்தால் கல் தெறிக்கும். ரயிலில் வந்தால் தண்டவாளத்திலிருந்து பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டில் படிந்து, ஈரம் பட்டதும் செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். கப்பலில் வரிசையாக நிறுத்தும்போது பக்கத்துக் காருக்கும் இதற்கும் நடுவே கையகல இடம்தான் விடுகிறார்கள். அந்த இடுக்கில் கதவைத் திறந்து உடம்பைக் குறுக்கி இறங்கி வர வேண்டும். பெல்ட் பக்கிளோ சட்டைப் பட்டனோ உரசிவிடக் கூடாது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் முழுதாக மூடிய மேலுடை அணிகிறார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும் சில கார்களில் ஏதாவது படத்தான் செய்யும். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

அந்தச் சேதம் உங்களில் யாருக்கும் தெரியாமல் போவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கார் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது அதைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள், குறிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். வட அமெரிக்காவில் இதற்கென்றே ஐந்து இலக்கக் குறியீடு வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு இலக்கம் காரின் எந்தப் பகுதி என்று சொல்லும், அடுத்த இரண்டு என்ன வகைச் சேதம் என்று சொல்லும், கடைசி இலக்கம் அது எவ்வளவு பெரியது என்று சொல்லும். ஒரு கீறலுக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த தொழில் உங்களுடையது. அந்தக் கணக்கை, காருக்குப் பணம் கட்டுகிற ஆளுக்கு மட்டும் காட்டுவதில்லை.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஷோரூமுக்குள் விளக்கு வெளிச்சத்தில் துணியை விலக்கி, சாவியைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, வலது பின்சக்கர வளைவுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி தெரிந்தது. வெயில் சாய்வாக விழும்போது அங்கே மெல்லிய வட்ட வட்டக் கோடுகள், பாலிஷ் மெஷின் விட்டுப் போன தடம். குனிந்து வளைவின் உள்மடிப்பைத் தடவினால், காய்ந்துபோன வெள்ளைப் பாலிஷ் பேஸ்ட் விரலில் ஒட்டியது. அந்த வட்டங்களுக்கு நடுவே, பார்த்தால் தெரியாத, ஆனால் நகத்தை ஓட்டினால் மாட்டுகிற ஒரு கோடு.

ஷோரூமில் கேட்டேன். ஃபாக்டரியிலிருந்தே அப்படி வந்திருக்கும் என்றார்கள். அப்புறம், கழுவும்போது பட்டிருக்கலாம் என்றார்கள். விடாமல் கேட்ட பிறகு டிரெய்லர்காரர் கொடுத்துவிட்டுப் போன ரசீதை எடுத்து வந்தார்கள். வலது பின்பக்கம், உரசல் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே ஓட்டுநரின் கையெழுத்து, பக்கத்திலேயே ஷோரூம் ஆளின் கையெழுத்து. போக்குவரத்து நிறுவனத்திடம் அந்த உரசலுக்கு இழப்பீடு கேட்டு வாங்கியும் விட்டார்கள். என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரொம்பச் சின்ன விஷயம் சார்" என்றார் அங்கிருந்தவர். அவர் நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயிண்ட். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து அடியில் உள்ள நிறத்தைக் காப்பது அந்தப் படலம்தான். நகம் மாட்டாத கீறல் என்றால் அந்தப் படலத்தின் மேற்பரப்போடு நின்றுவிட்டது என்று பொருள், பாலிஷ் போட்டால் போய்விடும். நகம் மாட்டினால் ஆழமாகப் போயிருக்கிறது. அதை மெஷினால் தேய்த்து எடுக்கப் பார்த்தால் கீறல் போகாது, சுற்றியுள்ள கிளியர் கோட்தான் மெலியும். என் காரில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். என்னிடம் முன்பே சொல்லியிருந்தால், அதில் மெஷின் வைக்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

முழுதாக மறுபெயிண்ட் அடித்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். தொழிற்சாலையில் கார் வெறும் உலோக உடலாக இருக்கும்போது, சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் பெயிண்டைப் பதப்படுத்துகிறார்கள். வயர், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் பொருத்திய பிறகு அந்தச் சூட்டில் காரை வைக்க முடியாது. அதனால் வொர்க்‌ஷாப்பில் 60 டிகிரி வாக்கில் இறுகும் வேறு வகைப் பெயிண்டைத்தான் அடிக்க முடியும். கைதேர்ந்த பெயிண்டர் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, பல வருஷம் உழைக்கும். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது தொழிற்சாலைப் பெயிண்ட் அல்ல. சிலர் அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும், என் காரின் முதல் பெயிண்டைத் தொடாதீர்கள் என்பார்கள். சிலர் பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள் என்பார்கள். இரண்டுமே நியாயமான விருப்பம். எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் காரின் சொந்தக்காரர்.

அடுத்தது, அப்படிச் சொல்லாமல் மறுபெயிண்ட் அடித்த காரை நாளைக்கு நான் விற்கப் போனால் நடப்பது. இப்போது ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர்கள் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். மற்ற பாகங்கள் 100, 120 மைக்ரான் காட்டும்போது ஒரு பாகம் மட்டும் 250 காட்டினால், இது அடிபட்ட கார் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். இல்லை, எந்த விபத்தும் நடக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தாலும் என் கையில் காகிதம் இல்லை. நீங்கள் மறைத்த ஒன்றுக்கு நான் பொய்யனாகி நிற்க வேண்டும். விலை குறைவதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் 1990இல் ஒரு மருத்துவர் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றைப் புது வண்டி என்று வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று கொண்டுபோனபோது, வண்டியில் மறுபெயிண்ட் அடித்திருப்பதை அங்கிருந்தவர் கண்டுபிடித்தார். வரும் வழியில் அமில மழையால் பெயிண்ட் பாழானதாகத் தெரிகிறது. பழுது நீக்கும் செலவு காரின் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், டீலரிடம்கூடச் சொல்லாமல் புது வண்டியாகவே விற்பது என்பது 1983 முதல் அந்த நிறுவனத்தின் கொள்கையாக இருந்திருக்கிறது. அந்த மருத்துவரின் காரில் ஆன செலவு சுமார் 600 டாலர், விலையில் 1.5 சதவீதம். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, அவருக்கு 4,000 டாலர் இழப்பீடும், நிறுவனத்துக்குத் தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாகக் குறைத்தது. அதுவும் மிக அதிகம் என்று 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் அது 50,000 டாலரில் வந்து நின்றது.

சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைத் தண்டனைத் தொகையின் எல்லைக்காகப் படிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஜூரியின் தீர்ப்பு வந்ததுமே அந்த நிறுவனம், எவ்வளவு சின்னப் பழுதாக இருந்தாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று நாடு முழுவதும் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அப்படியென்றால் இது செய்ய முடிகிற காரியம்தான். கார் விற்பனை அதனால் நின்றுவிடவும் இல்லை.

சேதத்தைத் தெரிவிப்பதற்கான கெடு பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் நாடுவிட்டு நாடு செல்லும் சாலைவழிச் சரக்குக்கான 1956ஆம் ஆண்டு சி.எம்.ஆர். உடன்படிக்கைப்படி, வெளியே தெரிகிற சேதத்தைச் சரக்கு இறங்கும்போதே குறிக்க வேண்டும். வெளியே தெரியாததை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கப்பல் சரக்குக்கான ஹேக் விதிகளில் அது மூன்று நாள். குறிக்காமல் விட்டால் சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், அதன்பின் இல்லை என்று நிரூபிக்கிற பாடு நம்முடையது. ஷோரூம்காரர்களே, இந்த நாள்கணக்கு உங்கள் வாசலில் கார் இறங்கியதும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. வாங்கியவர் வந்து பார்ப்பதற்குள் கெடு முடிந்திருக்கும். அவருக்காகக் கண்ணைத் திறந்துவைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். மழையில், இருட்டில், பாதுகாப்புக்கு ஒட்டிய பிளாஸ்டிக் படலம் உரிக்காமலே கிடக்கிற காருக்கு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டிரெய்லர் ஓட்டுநர்கள் மீது இந்த மடலின் பாரம் விழுந்துவிடக் கூடாது. ஒரு சேதத்தை உள்ளபடி எழுதினால் கூலியில் பிடிப்பார்கள், அடுத்த லோடு தரமாட்டார்கள் என்ற பயம் இருக்கிற இடத்தில் எந்த ஓட்டுநரும் எழுதமாட்டார். என் காரின் ரசீதில் உண்மையை எழுதி வைத்தவர் ஓட்டுநர்தான். முகம் தெரியாத அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். போக்குவரத்து நிறுவனத்தார் அப்படிப்பட்டவர்களைத் தட்டிக்கொடுங்கள். காப்பீடு என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. கார் வந்து இறங்கியதும் சேதம் தெரிந்தால் அன்றைக்கே படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். இப்படியே விட்டுவிடலாம், பாலிஷ் போடலாம், பாகத்தை மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம் என்று வழிகளைச் சொல்லி, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பம்பர், ஸ்பிளிட்டர் மாதிரிக் கழற்றி மாற்றக்கூடிய பாகம் என்றால் தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்த புதுப் பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பெயிண்ட் உடையாத சின்ன டென்ட் என்றால், உள்பக்கமிருந்து நெம்பி நிமிர்த்துகிறவரை அழையுங்கள், பள்ளத்தை நிரப்பும் புட்டிப் பூச்சும் பெயிண்டும் வேண்டாம். கார்பன் ஃபைபரில் அடி விழுந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

என்ன செய்தாலும், எந்த இடத்தில், என்றைக்கு, யார், எந்தப் பெயிண்ட்டால் செய்தார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் காரின் ஆவணங்களோடு வையுங்கள். மறுபெயிண்ட் அடித்த இடத்துக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம், தருவது யார் என்பதும் அதில் இருக்கட்டும். காரை ஒப்படைக்கும் நாளில், கழுவி, படலத்தை எல்லாம் உரித்து, பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் சுற்றிப் பார்க்க விடுங்கள். பூ மாலையும் புகைப்படமும் அதற்கப்புறம் இருக்கட்டும்.

தயாரிப்பு நிறுவனத்தாருக்குத் தனியாக ஒரு கோரிக்கை. தொழிற்சாலை வாசலிலிருந்து ஷோரூம் வாசல்வரை எடுத்த பரிசோதனைக் குறிப்பும் படமும் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைப் போட்டால் அந்தக் காரை வாங்கியவர் அவற்றைப் பார்க்கிற மாதிரித் திறந்துவிடுங்கள். என் காரின் பதிவைக் கேட்டு உங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அனுப்பி வையுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் காரை ஆசையோடு வாங்கிய ஒரு வாடிக்கையாளர்