இரவுப் பணிச் சோர்வு மன உறுதியால் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்களின் இரவுப் பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தொண்டுள்ளம் இருந்தால் தூக்கமின்மையை வென்றுவிடலாம் என்கிறது. பயிற்சி மருத்துவர்களோடு நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு இது ஆபத்தான ஆறுதலாகவே படுகிறது.

பாஸ்டன் நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பணிமுறையில், நேரம் குறைக்கப்பட்ட முறையைவிடக் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் அதிகம். நோயறிதலில் நேர்ந்த கடும் பிழைகளோ ஐந்து மடங்குக்கும் மேல்!

நோயறிதல் ஏன் இப்படி அடிவாங்குகிறது? பழகிய வேலையைக் கை ஓரளவு தானாகவே செய்துவிடும். நெஞ்சு எரிகிறது என்று விடியற்காலை நான்கு மணிக்கு வருபவருக்கு அமிலத்தொல்லையா மாரடைப்பா என்று பிரித்தறிய, முதலில் தோன்றிய விடையைத் தானே சந்தேகிக்கும் தெம்பு வேண்டும். சோர்ந்த மூளை கிடைத்த முதல் விடையோடு நின்றுவிடுகிறது. வியர்வையையும் வேகமான நாடியையும் கண்டாலும் 'பயத்தினால் இருக்கும்' என்று கடந்துபோகிறது. உடலின் உள்கடிகாரம் விழிப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும் வேளையும் அதுவே.

இதில் கொடுமை, சோர்ந்தவருக்குத் தன் சோர்வின் அளவு தெரியாது என்பதுதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குவதை 1997-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். தன்னையே அளக்க முடியாதவரிடம் 'கவனமாக இருங்கள்' என்று சொல்லி என்ன பயன்?

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்யப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், நேரம் குறைந்தும் பிழைகள் கூடின. ஒரு மருத்துவர் கவனிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை அங்கே உயர்ந்திருந்தது. ஆள் சேர்க்காமல் அட்டவணையை மட்டும் வெட்டினால் இதுதான் நடக்கும். பணி மாறும்போது தகவல் தவறிப்போகும் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்கு மருந்து, வாய்மொழியோடு நிற்காமல் எழுத்திலும் ஒப்படைப்பது.

மருத்துவமனை நிர்வாகங்கள் இன்னொன்றும் செய்யலாம். நள்ளிரவுக்குப் பின் எழுதப்பட்ட ஒவ்வொரு நோயறிதலையும் காலையில் வரும் மருத்துவர், முந்தைய முடிவைப் படிக்கும் முன்பே நோயாளியை நேரில் பரிசோதித்துப் புதிதாக யோசிக்கட்டும். இரவில் பணியாற்றியவர் மீதுள்ள குறையாக இதைக் கருதாமல், அன்றாட நடைமுறையாகவே வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொது மருத்துவர் ஒருவர்