ஒதுங்கிய மரத்தை உடனே அள்ளிவிடாதீர்கள்

சோழமண்டலக் கரையோர உள்ளாட்சிகளில் கடற்கரைத் தூய்மைப் பணியைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன கார்த்திகையில் எங்கள் கரையில் ஒரு பெரிய மரம் வேரோடு ஒதுங்கியது. கடலில் மிதக்கும் பொருளில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு அடிப்பக்கம் முழுக்கக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. விரல்நுனி அளவுக்கு வளர்ந்திருந்தது. வாரக்கணக்கில் மிதந்து வந்த மரம். தை முடிவதற்குள் அதன் பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு மணல் சேர்ந்து, கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடியும் ஏறத் தொடங்கியது. அப்புறம் ஒருநாள் காலையில் டிராக்டர் வந்தது. மரம் போனது, கொடியும் போனது. மிச்சத்தை அங்கேயே கொளுத்தினார்கள். உப்பு ஊறிய மரம் எரிந்தால் டையாக்சின் போன்ற நஞ்சு புகையில் வரும். அந்தப் புகை குப்பத்துக்குள்தான் போனது.

இந்த மரங்கள் கண்டபடி வருவதில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்று கரையை நோக்கித் தள்ளுகிறது. அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடுகிறது. கோதாவரியும் கிருஷ்ணாவும் வெள்ளத்தில் கடலுக்குத் தள்ளியவைகூட நம் பக்கம் வர வழி உண்டு. மாசி, பங்குனியில் நீரோட்டம் வடக்கே திரும்பிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் நம் கரையில் வரத்து குறைவு. ஒரே ஆற்றில் வந்த இரண்டு மரம்கூட ஒரே ஊரில் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. நீர் ஊறி அமிழ்ந்தது நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். கிளை மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் காற்று பிடித்துத் தள்ளும்.

அதனால்தான் வருடம் முழுக்க ஒரே மாதிரி அள்ள வேண்டாம் என்கிறேன். பிளாஸ்டிக்கையும் அறுந்த வலையையும் ஆள் வைத்துக் கையால் பொறுக்குங்கள். அலை எட்டாத மேல்கரை மரத்தை விட்டுவிடுங்கள், அது மணலைப் பிடித்துவைக்கும். பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட ஏறும் இடங்களில் மட்டும் வேறு கணக்கு. அங்கே பெரிய மரம் தாய் ஆமைக்கும் குஞ்சுக்கும் வழியை மறிக்கும். மார்கழிக்குள் அவற்றை ஓரமாக நகர்த்திவிடுங்கள். தை பிறந்த பிறகு அந்த மணலில் டிராக்டரே இறங்கக்கூடாது, கூடுகள் நசுங்கிவிடும்.

அட்டவணை போடுமுன் குப்பத்துப் பெரியவர்களை ஒருமுறை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வளைவில் எந்தக் காற்றுக்கு மரம் ஏறும் என்று இடம் காட்டியே சொல்வார்கள். இந்த வருட வாடை எழுவதற்குள் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
கரையோரம் குடியிருக்கும் ஒருவர்