வால்யூமைக் குறைத்தால் பாட்டு வலப்பக்கம் ஓடுகிறது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஸ்டீரியோ ஆம்பில் இடது, வலது சமமின்மை – வால்யூம் கன்ட்ரோலை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

உங்கள் ஸ்டீரியோ ஆம்பைப் பொங்கல் சமயத்தில் வாங்கினேன். சத்தமாகக் கேட்டால் குறை ஒன்றுமில்லை. இரவில் வால்யூமைக் குறைத்தால்தான் தொல்லை. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் வலது ஸ்பீக்கருக்கு நகர்ந்துவிடுகிறது. இன்னும் குறைத்தால் இடது ஸ்பீக்கர் ஏறக்குறைய ஊமை.

ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினால் குரல் இடப்பக்கம் போகிறது. அவற்றைப் பழையபடி வைத்து, சிடி பிளேயரின் ஒயர்களை மாற்றினால் குரல் வலப்பக்கமே நிற்கிறது. மிச்சம் ஆம்ப்தான். இரு சேனலிலும் ஒரே அளவில் 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தேன். வால்யூம் குமிழின் குறி கடிகார முள்போல் எட்டைக் காட்டும் ‘எட்டு மணி’ நிலையில் வலது 100 மில்லிவோல்ட், இடது 70. சுமார் 3 டெசிபல் வித்தியாசம். இடது பக்கத்துக்குப் பாதி பவர்தான் போகிறது. பத்து மணி நிலையில் அரை டெசிபல்கூட இல்லை.

வந்து பார்த்த உங்கள் டெக்னீஷியன், “எல்லா ஆம்பும் இப்படித்தான் சார், பாலன்ஸைத் திருப்பிக்கோங்க” என்றார். இடது, வலது அளவைச் சரிசெய்யும் அந்தக் குமிழைத் திருப்பினேன். எட்டு மணியில் சரியாகிறது. பத்து மணிக்குப் போனால் பாட்டு இடப்பக்கம் சாய்கிறது. வால்யூமைத் தொடும்போதெல்லாம் பாலன்ஸையும் திருப்ப வேண்டுமென்றால் ரிமோட் எதற்கு?

வால்யூம் கன்ட்ரோலுக்குள் ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடங்கள், சேனலுக்கு ஒன்று. இரண்டும் அச்சாக ஒன்றுபோல் அமையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் குமிழின் தொடக்கத்தில் தடத்தின் சிறு பங்குதான் வேலை செய்கிறது. அங்கே சின்ன வித்தியாசமும் பெரிதாகக் கேட்கும். போதாக்குறைக்கு, முழு பவருக்கு ஆம்புக்குள் 200 மில்லிவோல்ட் வந்தால் போதும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட், பத்து மடங்கு. அதனால் வீட்டில் கேட்கும் அளவெல்லாம் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. நான் தினமும் பயன்படுத்தும் இடத்தில்தான் கோளாறு. அதை ‘இயல்பு’ என்று தள்ளிவிட முடியாது.

இரு தடங்களும் பொருந்திய வால்யூம் கன்ட்ரோலை வாரண்டியிலேயே மாற்றி, எட்டு மணி நிலையில் அளந்து காட்டுங்கள். முடியாவிட்டால் ஆம்பை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். ரசீது நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்